வார்டில் எழும் கேள்விக்கு யார் பதில் தேடுவது?

கேள்வி:



மதுரையில் ஒரு தனியார் குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, இப்போது சர்ஜிக்கல் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். குழந்தைகள் நலச் செவிலியத்தில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். போன மாதம் நிர்வாகத்தில் கூப்பிட்டு, “நர்சிங் ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒருவரைப் போடப் போகிறோம், நீங்கள் பொறுப்பெடுத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆராய்ச்சி என்றால் எனக்குத் தெரிந்தது எம்.எஸ்சி.யில் எழுதிய தீசிஸ் மட்டும்தான். அதில் புள்ளியியல் பகுதியை வேறொருவர் செய்துகொடுத்தார், உண்மையைச் சொல்கிறேன். கூட வேலை பார்க்கும் சிஸ்டர்கள், “ஏ.சி. ரூம்ல பேப்பர் வேலை, இனி நைட் டியூட்டி இல்லை” என்கிறார்கள். அம்மாவோ, “பிள்ளைகளைப் பார்க்கிறதுக்குத்தானே படிச்சே, இப்ப எதுக்கு அதை விடணும்?” என்று கேட்கிறார். எனக்குமே பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சி செய்வது சரிதானா என்று உறுத்துகிறது.

அதே சமயம் வார்டில் சில விஷயங்கள் மனதை விட்டுப் போகவில்லை. மறுநாள் ஆபரேஷன் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்து பிள்ளைக்கு எதுவும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிடுகிறோம். லிஸ்டில் கடைசியாக இருக்கும் குழந்தை மதியம் வரை அழுதுகொண்டே கிடக்கிறது. ஏன் இப்படி என்று கேட்டால் வழக்கம் என்கிறார்கள். இது ஆராய்ச்சிக்கு உரிய விஷயமா, இல்லை நிர்வாக விஷயமா?

இந்த வேலையில் தினமும் என்னதான் செய்வார்கள்? பிஎச்.டி. கட்டாயமா? சம்பளமும் பதவியும் என்ன ஆகும்? தெளிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மாவின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இருப்பதிலேயே முக்கியமான கேள்வி அதுதான்.

ஜோஆன் ஈலண்ட் என்ற அமெரிக்கச் செவிலியர் 1970களில் ஒரு காரியம் செய்தார். புது மருந்து எதையும் கொடுத்துப் பார்க்கவில்லை, புதுக் கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்த, நான்கிலிருந்து எட்டு வயதுக்குட்பட்ட 25 குழந்தைகளின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, வலிக்கு எத்தனை முறை மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணினார். அவர்களில் 13 பேருக்கு மருத்துவமனையில் இருந்த காலம் முழுக்க ஒரு வேளைகூடக் கொடுக்கப்படவில்லை. டாக்டர் எழுதியிருந்தும் கொடுக்காமல் விடப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது 24 டோஸ். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட பெரியவர்கள் 18 பேர். அவர்களுக்குக் கொடுத்தது 671 டோஸ். இது 1977இல் அச்சில் வந்தது.

அந்த வார்டுகளில் இருந்த சிஸ்டர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் டியூட்டி நேரத்தில் தன்னிடம் ஒப்படைத்த பிள்ளையைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். குழந்தை பேசாமல் படுத்திருந்தால் வலி இல்லை என்று எடுத்துக்கொண்டிருப்பார். ஊசியைக் காட்டினால் இன்னும் பயந்து அழும் என்று ஒத்திப்போட்டிருப்பார். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் அளவுக்கு வலி தெரியாது என்பது அன்று மருத்துவர்களிடையிலும் பரவலாக இருந்த எண்ணம். ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால் இந்தக் குறை கண்ணில் படாது. இருபத்தைந்து கட்டில்களின் கணக்கைச் சேர்த்து வைத்தபோதுதான் தெரிந்தது. அப்படிச் சேர்த்து வைத்தவர் ஒரு செவிலியர். பிள்ளைகளைப் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார் என்று உங்கள் அம்மா சொல்ல மாட்டார்.

நீங்கள் வார்டில் பிள்ளைகளிடம் காட்டும் முகங்கள் வரைந்த அட்டை இருக்கிறதே, சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடிவது, அதுவும் இப்படி வந்ததுதான். 1980களின் தொடக்கத்தில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், தீக்காயப் பிரிவில் இருந்த குழந்தைகள் தங்கள் வலியை எண்ணில் சொல்லத் தெரியாமல் தவித்தார்கள். டோனா வோங் என்ற செவிலியரும், சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் மனநிலையைக் கவனிக்கும் பணியில் இருந்த கோனி பேக்கரும் அந்தப் பிள்ளைகளிடமே வெறும் வட்டங்களைக் கொடுத்து முகம் வரையச் சொன்னார்கள். பேசத் தெரியாத குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்று ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுகிறீர்களே, அந்த ‘ஃப்ளாக்’ அளவுகோல் 1997இல் மிச்சிகனில் வெளிவந்தது. அதற்குப் பின்னாலும் செவிலியர்கள் இருந்தார்கள். உங்கள் கையில் தினமும் புழங்கும் பொருள்கள் இவை. இவற்றை உண்டாக்கியவர்கள் உங்கள் தொழில்காரர்கள்தான் என்று நம் நர்சிங் கல்லூரிகளில் அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இனி, தினமும் என்ன வேலை என்பது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா நாடுகளின் பெரிய குழந்தைகள் மருத்துவமனைகளில் இந்தப் பதவி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. பாஸ்டன், பிலடெல்பியா, டொரண்டோ, லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் எல்லாவற்றிலும் செவிலிய ஆராய்ச்சியாளர்கள் வேலை செய்கிறார்கள். நம் ஊரில் இது புதிது. ஆகவே உங்களை இந்தப் பதவியில் வைக்கப்போகிறவர்களுக்கே அது என்ன என்று சரியாகத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் சொந்தத் தலைப்பில் ஆராய்ச்சி செய்து பேப்பர் போடுவது இதில் சிறு பங்கு. பெரும்பங்கு, வார்டு சிஸ்டர்களின் மனதில் இருக்கும் சந்தேகங்களை விடை தேடக்கூடிய கேள்விகளாக மாற்றிக் கொடுப்பது.

அந்தச் சந்தேகங்கள் கூட்டம் போட்டால் வெளியே வராது. ஹேண்ட் ஓவர் நேரத்தில், மருந்து கலக்கும் இடத்தில், கேனுலா போட மூன்றாவது முறையாகக் குத்திவிட்டு வரும் சிஸ்டர் பெருமூச்சு விடும்போது வரும். அதனால்தான் காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் நீங்கள் வார்டில் நிற்க வேண்டும் என்கிறேன். வந்த சந்தேகத்தை எடுத்துக்கொண்டு, எந்தப் பிள்ளைகள், என்ன செய்கிறோம், அதற்குப் பதில் என்ன செய்யலாம், எதை வைத்து நல்லது கெட்டது பார்ப்பது என்று பிரித்துக்கொள்வீர்கள். பிறகு, உலகில் யாராவது இதற்கு ஏற்கெனவே விடை கண்டிருக்கிறார்களா என்று தேடுவீர்கள்.

பாதிக்கு மேல் சந்தேகங்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். ரைல்ஸ் டியூப் போட்டதும் சிரிஞ்சில் காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டு, டியூப் வயிற்றில்தான் இருக்கிறது என்று முடிவு செய்கிறோம். டியூப் நுரையீரலுக்குப் போயிருந்தாலும் அதே சத்தம் கேட்கக்கூடும். இந்த முறையை நம்பக் கூடாது என்று பிரிட்டனின் தேசிய நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. உறிஞ்சி எடுத்த திரவத்தைப் பி.எச். தாளில் வைத்துப் பார்த்து 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பால் கொடுக்கலாம், சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதற்குப் புதிதாக ஆராய்ச்சி தேவையில்லை. பி.எச். தாள் வாங்க உத்தரவு வாங்குவதும், நைட் டியூட்டியில் இருப்பவரும் அதைப் பயன்படுத்தும்படி செய்வதும்தான் வேலை. சொல்லும்போது சுலபமாகத் தெரிகிறது. கை பழகிய ஒன்றை நிறுத்த வைப்பதற்கு ஒரு வருடம்கூட ஆகும். அந்த ஒரு வருட உழைப்பும் இந்தப் பதவியின் கடமைதான். பேப்பராக வரவில்லையே என்று அதைக் குறைத்து எண்ணாதீர்கள்.

உங்கள் பட்டினிக் கேள்வி இதே வகை, ஆனால் இன்னும் ஆழமானது. விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இந்தப் பொறுப்பை ஏற்றால் முதலில் எடுக்க வேண்டியது இதுதான்.

மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது. அதற்குத்தான் வெறும் வயிறு. எவ்வளவு நேரம் என்பதற்குப் பல காலமாக இருக்கும் கணக்கு ஆறு, நான்கு, இரண்டு. திட உணவுக்கும் மாட்டுப்பாலுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, தண்ணீர் போன்ற தெளிந்த திரவத்துக்கு இரண்டு. 2018இல் பிரிட்டன், பிரான்ஸ், ஐரோப்பிய நாடுகளின் குழந்தைகள் மயக்கவியல் சங்கங்கள் சேர்ந்து, தெளிந்த திரவத்தை ஒரு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம் என்றே அறிவித்தன. எந்தக் கணக்கிலும் பன்னிரண்டு மணி நேரம் என்பது இல்லை. பட்டினி நீண்டால் பிள்ளை சோர்ந்துபோகிறது, நாக்கு வறள்கிறது, ரத்தக்குழாய் சுருங்கி கேனுலா போடுவது சிரமமாகிறது, சின்னக் குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை குறையும் அபாயம் வேறு. ஆக, எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. விடை இருந்தும் உங்கள் வார்டில் பிள்ளை மதியம் வரை ஏன் அழுகிறது என்பதற்குத்தான் விடை இல்லை. அதை லண்டனிலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ யாரும் சொல்ல முடியாது.

ஒரே ஒரு தாள் போடுங்கள். கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கடைசியாகத் தண்ணீர் குடித்த நேரம், எதுவும் கொடுக்காதீர்கள் என்று பெற்றோரிடம் சொன்ன நேரம், தியேட்டரிலிருந்து கூப்பிட்ட நேரம், மயக்கம் கொடுத்த நேரம். இந்த ஐந்தும் போதும். ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள். நேரம் எங்கே கசிகிறது என்று அதில் தெரியும். இரவு டியூட்டி சிஸ்டர் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே அறிவிப்பாகச் சொல்லிவிடுகிறாரா, லிஸ்ட் வரிசை காலையில் மாறுகிறதா, தண்ணீர் கொடுக்கலாம் என்று சொல்லியும் பாட்டி பயந்துபோய்த் தடுத்துவிடுகிறாரா, முதல் ஆபரேஷன் எதிர்பார்த்ததைவிட நீண்டதை வார்டுக்கு யாரும் சொல்வதில்லையா என்று பிரித்துப் பார்க்கலாம். காரணம் ஒன்றாக இருக்காது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மயக்க மருத்துவரிடம் பேசினால் பேச்சின் போக்கே மாறிவிடும். “குழந்தைகள் பாவம் டாக்டர்” என்று சொல்லும்போது கிடைக்காத காது, “போன மாதம் நம் குழந்தைகளில் பாதிப் பேர் இத்தனை மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் இருந்தார்கள்” என்று சொல்லும்போது கிடைக்கும். பால் கலக்காத சர்க்கரைத் தண்ணீரை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை அவரே குழந்தைவாரியாக எழுதிக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு இன்னொரு மாதம் அதே தாளை எழுதுங்கள்.

இது ஆராய்ச்சியா, நிர்வாகமா என்று கேட்டிருந்தீர்கள். இதுவரை சொன்னது தரக் கணக்கெடுப்பு. தெரிந்த நல்ல முறை நம் இடத்தில் நடக்கிறதா என்று பார்ப்பது. எது நல்ல முறை என்றே தெரியாதபோது இரண்டு முறைகளை ஒப்பிட்டால் அது ஆராய்ச்சி. எல்லைக்கோடு சில நேரம் மங்கலாக இருக்கும். அதனால் எதைத் தொடங்கும் முன்பும் எதிக்ஸ் கமிட்டியின் உறுப்பினர் செயலருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள். எங்கள் அனுமதி தேவையில்லை என்று அவர்கள் சொன்னால் அதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அடுத்தது உங்கள் உறுத்தல். அது எப்போதும் உங்களிடம் இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறோம் என்ற கூச்சம் அற்றுப்போனவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. ஆனால் ஆராயாமல் விடுவதற்கும் விலை உண்டு. எடை குறைந்து பிறந்த சிசுவைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கும் கங்காரு முறை கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970களின் இறுதியில் தொடங்கியது. ஆனாலும் சிசுவின் உடல்நிலை சீரான பிறகுதான் தாயிடம் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் பல்லாண்டுகள் நீடித்தது. பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன என்று உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் ஒன்று. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த 3,211 சிசுக்கள். பழைய முறையில் வைக்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 15.7. உடனே தாயிடம் கொடுக்கப்பட்டவர்களில் 12. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2021இல் முடிவு வெளியானது. அதுவரை உலகம் முழுவதும் நல்லெண்ணத்தோடுதான் சிசுக்களைத் தாயிடமிருந்து பிரித்து வைத்திருந்தோம்.

உறுத்தல் இருக்க வேண்டிய சரியான இடம் ஒப்புதல் வாங்கும் இடம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழந்தைகளை உட்படுத்தும் ஆய்வுகளுக்கென்றே 2017இல் தனி நெறிமுறை வெளியிட்டது. பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு, ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை குழந்தையின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் பதினெட்டு வரை எளிய மொழியில் எழுதிய தாளில் இசைவும் வேண்டும். படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம்.

புத்தகத்தில் இருப்பது நம் ஊரில் எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் வெள்ளைச் சீருடையில் போய் ஒரு தாளை நீட்டினால், “நீங்க சொன்னா சரிங்க சிஸ்டர்” என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். அது ஒப்புதல் ஆகாது. மறுத்தால் பிள்ளையைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்ற பயம் அந்தக் கையெழுத்துக்குள் இருக்கிறது. ஆகவே அந்தக் குழந்தைக்கு ஊசி போடும், மருந்து கொடுக்கும் சிஸ்டர் ஒப்புதல் கேட்கக் கூடாது என்பதை உங்கள் மருத்துவமனையில் விதியாக்குங்கள். தகவல் தாளைச் செந்தமிழில் எழுதாதீர்கள். ‘சமவாய்ப்பு முறையில் தெரிவு’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்? “ரெண்டு முறையில எது நல்லதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியலை, அதனால சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கிற மாதிரி எடுப்போம், டாக்டரோ நானோ தேர்ந்தெடுக்க மாட்டோம்” என்று மதுரைத் தமிழில் சொன்னால் எந்த அம்மாவுக்கும் புரியும். சொல்லி முடித்ததும் உடனே கையெழுத்துக் கேட்காதீர்கள். அப்பாவிடமோ மாமியாரிடமோ போனில் பேசிவிட்டு வரட்டும். வேண்டாம் என்று சொன்ன அம்மாவின் பிள்ளையை அன்று மாலையே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். மறுத்ததால் எதுவும் மாறவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

குழந்தையின் இசைவையும் சடங்காக்கிவிடக் கூடாது. ஒன்பது வயதுப் பையன் தலையைத் திருப்பிக்கொண்டால் அது மறுப்புதான். பக்கத்தில் அப்பா, “சரின்னு சொல்லுடா” என்று அதட்டி வாங்கித்தரும் ‘சரி’யை எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு குழந்தை குறைந்தால் ஆய்வு நின்றுவிடாது.

புள்ளியியல் பயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நைட்டிங்கேல் அம்மையாரைக் கையில் விளக்கோடு நிற்பவராகவே நமக்குக் காட்டியிருக்கிறார்கள். 1858இல் லண்டன் புள்ளியியல் கழகம் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட பெண் அவர்தான். கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்கள் பல மடங்கு என்பதை வரைபடம் போட்டு நாடாளுமன்றத்துக்குப் புரியவைத்தார். நீங்கள் கணக்கு வல்லுநர் ஆக வேண்டாம். ஆனால் புள்ளியியலாளரைத் தரவெல்லாம் சேர்ந்த பிறகு தேடிப் போகாதீர்கள், தொடங்கும் முன்பே போய் உட்காருங்கள். எத்தனை குழந்தைகள் வேண்டும், எதை அளக்க வேண்டும் என்பது அந்த முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிட வேண்டும். குழந்தைகள் மருத்துவமனையில் இது கூடுதல் முக்கியம். மூன்று நாள் சிசுவும் பதினாறு வயதுப் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள், இருவரையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. வயதுவாரியாகப் பிரித்தால் எண்ணிக்கை சிறுத்துவிடும். பல நேரம் வேறு மருத்துவமனைகளோடு கை கோக்காமல் விடை கிடைக்காது.

விடை கிடைத்தாலும் நாம் விரும்பியதாக இருக்காது, அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மார்த்தா கர்லி என்ற செவிலியர் தலைமையில் அமெரிக்காவின் 31 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தூக்க மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதைச் செவிலியர்கள் ஓர் ஒழுங்கான முறைப்படி கூட்டிக் குறைத்தால் வென்டிலேட்டர் நாட்கள் குறையுமா என்பது கேள்வி. 2,449 குழந்தைகள். 2015இல் முடிவு வந்தது: குறையவில்லை, இரு பக்கமும் ஒன்றுதான். பல ஆண்டு உழைப்பு. அதை அப்படியே உலகறிய வெளியிட்டார்கள். அந்த முறையில் இருந்த பிள்ளைகள் கூடுதல் நேரம் விழித்து அமைதியாக இருந்தார்கள் என்பதையும், மற்ற சாதக பாதகங்களையும் ஒளிக்காமல் எழுதினார்கள். நம் ஊரில் ‘பலன் இல்லை’ என்று வரும் தீசிஸைப் பார்ப்பது அரிது. எல்லா ஆய்விலும் எல்லாமே பலன் தருகிறது. இது என்னை மிகவும் சங்கடப்படுத்துகிறது, ஏனென்றால் அந்தப் பொய்யான நம்பிக்கையை வைத்து யாரோ ஒரு பிள்ளைக்கு ஏதோ செய்யப்போகிறார்கள். உங்கள் பொறுப்பில் வரும் முதல் ஆய்வு பலனில்லை என்று முடிந்தால், அதை அதே அக்கறையோடு எழுதி வெளியிடுங்கள்.

கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் பயம் ஏ.சி. ரூம் பற்றியது இல்லை, இன்னொரு ஃபாரம் வரப்போகிறதே என்பது. ஒரு ஷிஃப்டில் அவர்கள் எழுதும் தாள்கள் உங்களுக்கே தெரியும். டியூட்டி முடியும்போது வலி மதிப்பெண் கட்டத்தில் வரிசையாகச் சைபர் போட்டுக்கொண்டு போவதையும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சைபர்களை வைத்து நீங்கள் ஆராய்ச்சி செய்தால் எங்கள் வார்டில் பிள்ளைகளுக்கு வலியே இல்லை என்று முடிவு வரும். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆள் போதாத இடத்தில் எழுத்து இப்படித்தான் இருக்கும். புதிதாக ஒரு தாள் கொண்டுவந்தால் பழையதில் ஒன்றை எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். தரவு சேர்த்த ஒரு மாதத்துக்குள் முடிவை அதே வார்டில், அதே சிஸ்டர்களிடம், தேநீர் நேரத்தில் போய்ச் சொல்லுங்கள். தாங்கள் எழுதிய எண்ணால் ஏதோ மாறியிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் அடுத்த முறை சைபர் குறையும்.

பிஎச்.டி. பற்றி: வெளிநாட்டில் இந்தப் பதவிகளுக்குப் பெரும்பாலும் கேட்பார்கள். நீங்கள் தொடங்குவதற்கு எம்.எஸ்சி. போதும். இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்த பிறகு, எந்தக் கேள்வி உங்களைத் தூங்க விடவில்லையோ அதை எடுத்துக்கொண்டு போங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் 2005இல் தொடங்கிய, நர்சிங் பிஎச்.டி.க்கான தேசியக் கூட்டமைப்பு வழியாகவும் சேரலாம், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் சேரலாம். பட்டத்துக்காகத் தலைப்பைத் தேடிக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், நீங்கள் அப்படிப் போக வேண்டியதில்லை.

சம்பளமும் பதவியும் பேசித்தான் வாங்க வேண்டும். இதற்கென்று நம் ஊரில் நிலையான ஊதிய அட்டவணை கிடையாது. இன்சார்ஜுக்குக் கீழே போகாத ஊதியம், நர்சிங் சூப்பரின்டெண்டென்டிடம் நேரடியாகப் பேசும் உரிமை, ஆள் குறைந்தால் உங்களை வார்டுக்கு இழுத்துக்கொள்ள மாட்டோம் என்ற உறுதி, இவற்றை எழுத்தில் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதில்தான் பல இடங்களில் இந்தப் பதவி கரைந்துபோகிறது. காகிதத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பு இருக்கும், ஆள் தினமும் டியூட்டி நிரப்பிக்கொண்டிருப்பார். அதே நேரம், வாரத்தில் ஒரு நாள் நீங்களாகவே விரும்பிக் கட்டில் பக்கத்தில் வேலை செய்ய இடம் வேண்டும் என்றும் கேளுங்கள். இரண்டும் முரண் இல்லை. நிரப்பு ஆளாகப் போனால் சிந்திக்க நேரம் இருக்காது, போகவே இல்லை என்றால் சிந்திக்க விஷயம் இருக்காது. தர முத்திரைக்குக் கணக்குக் காட்டத்தான் இந்தப் பதவி என்று பேச்சுவாக்கில் தெரிந்தால், அதையும் நேராகவே கேட்டுவிடுங்கள். அப்படி இருந்தாலும் நான் ஏற்கச் சொல்வேன். எந்தக் காரணத்துக்காகத் திறந்த கதவாக இருந்தாலும், உள்ளே போய் அந்தப் பட்டினிக் கணக்கை எடுக்கலாம் அல்லவா?

நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது என்றால், அதற்குள் ஒரு வாரம் மட்டும் அந்த ஐந்து நேரங்களையும் உங்கள் வார்டில் எழுதிப் பாருங்கள். இன்சார்ஜாக அது உங்கள் கையில் இருப்பதுதான், சூப்பரின்டெண்டென்டிடம் ஒரு வார்த்தை சொல்லி, முன்பு சொன்னபடி எதிக்ஸ் கமிட்டிக்கும் ஒரு பக்கம் எழுதிக் கேட்டுவிட்டால் போதும். பெயர், ஐ.பி. எண் எதுவும் அந்தத் தாளில் வேண்டாம், வயது போதும். எழுதும் சிஸ்டர்கள் யார் யார் என்று தனியாக ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது கட்டுரையாக வந்தால், கேள்வியை வடிவமைப்பதிலோ முடிவை அலசுவதிலோ எழுதுவதிலோ உண்மையாகவே பங்கெடுத்தவர்கள் ஆசிரியர் பட்டியலில் வர வேண்டும், நேரம் குறித்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் நன்றிப் பகுதியில் வர வேண்டும். இதைத் தொடங்கும் அன்றே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.